நாஞ்சில் நாட்டில் வில்லுப்பாட்டுப் பயிற்சி

வில்லுப்பாட்டு தமிழகத்தின் தென்கோடியில் நாட்டார் தெய்வங்களின் கொடை விழாக்களில் பாடப்படும் கதைப்பாடல் கலை. வில்லிசை என்றும், கேரளத்தின் தென்பகுதியில் வில்லடிச்சான் பாட்டு என்றும் அழைக்கப்படுகிறது. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களும் திருவனந்தபுரத்தை ஒட்டிய பகுதிகளும் இதன் முதன்மை நிலங்கள். இக்கலை நீண்ட காலம் குழுக்களுக்குள்ளேயே, அண்ணாவி அல்லது புலவர் எனப்படும் தலைமைக் கலைஞரிடமிருந்து இளையவர்களுக்குக் கைமாறி வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பள்ளிகளும் கல்லூரிகளும் பண்பாட்டு அமைப்புகளும் தொழில்முறைக் கலைஞர்களை அழைத்து மாணவர்களுக்குக் குழுவாகக் கற்பிக்கும் பயிற்சிப் பட்டறைகள் உருவாயின. பட்டறை இக்கலையின் ஒரு பகுதியை மிக எளிதாகக் கடத்துகிறது. இன்னொரு பகுதி கோவில் முற்றத்தில் மட்டுமே கற்கக்கூடியதாக உள்ளது. நாஞ்சில் நாட்டில் வில்லுப்பாட்டு கற்பிக்கப்பட்ட வரலாறு இந்த இரண்டு பகுதிகளும் எவ்வாறு பிரிந்தன என்பதைக் காட்டுகிறது.

நிலமும் கொடையும்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களை உள்ளடக்கிய பகுதி நாஞ்சில் நாடு எனப்படுகிறது. கல்குளம், விளவங்கோடு பகுதிகள் வேணாட்டு மரபைச் சேர்ந்தவை. இந்த நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின.

இப்பகுதியில் சுடலைமாடன், முத்தாரம்மன், இசக்கியம்மன் முதலிய தெய்வங்களுக்கு நடக்கும் ஆண்டு விழா கொடை எனப்படும். கொடையில் பூசை, படைப்பு, சாமியாட்டம் ஆகியவற்றுடன் வில்லுப்பாட்டும் சடங்கின் ஓர் உறுப்பு. கோவிலில் உறையும் தெய்வத்தின் கதை அந்தத் தெய்வத்தின் முன்னிலையில் பாடப்பட வேண்டும் என்பது நம்பிக்கை. கதை உச்சத்தை எட்டும்போது சாமியாடிக்கு அருள் வரும். ஆகவே பாடகர் கதை சொல்பவர் மட்டுமல்லர், சடங்கின் நேரத்தை நடத்திச் செல்பவரும்கூட.

கதைகளில் இரு வகை உண்டு. ஒன்று, தெய்வமாகவே பிறந்தவர்களின் கதை. மற்றது, மனிதராகப் பிறந்து கொலையுண்டோ தற்கொலை செய்துகொண்டோ தெய்வமானவர்களின் கதை. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1970-களின் பிற்பகுதியில் இப்பகுதியில் களப்பணி செய்து 1988-இல் வெளியிட்ட நூல், பிறப்பைப் பாடுதல், இறப்பைப் பாடுதல் என்னும் இந்த வேறுபாட்டை மையமாகக் கொண்டது. முத்துப்பட்டன் கதை, தோட்டுக்காரி அம்மன் கதை, நீலி கதை முதலியன இரண்டாம் வகையைச் சார்ந்தவை. நாகர்கோவிலை அடுத்த கணியாகுளத்தில் 1635-இல் திருமலை நாயக்கர் படையுடன் நடந்த போரில் இறந்த இரவிக்குட்டிப் பிள்ளையின் கதையும், மார்த்தாண்ட வர்மாவை எதிர்த்த தம்பிமார்களின் கதையும் இந்நிலத்தின் கதைப்பாடல்களாக வழங்கி வந்துள்ளன. வில்லுப்பாட்டு கற்பது என்பது இந்த உள்ளூர் வரலாற்றைக் கற்பதாகவும் இருந்தது.

குழுவும் கருவிகளும்

வில்லுப்பாட்டு தனியாகப் பாடக்கூடிய கலை அல்ல. 5 முதல் 8 பேர் வரை கொண்ட குழு இதற்குத் தேவை. நடுவில் மண்குடத்தின் மேல் பெரிய வில் கட்டப்படும். வில்லின் தண்டு பனை, மூங்கில் அல்லது இரும்பால் ஆனது. வில்லில் மணிகள் தொங்கும். தலைமைப் பாடகர் இரு வீசுகோல்களால் நாணை அடித்துக்கொண்டே பாடுவார். குடம் அடிப்பவர் ஒரு கையில் பிடித்த தட்டையால் குடத்தின் வாயில் அடித்து ஆழ்ந்த ஒலியை எழுப்புவார். மறு கையால் குடத்தின் பக்கத்தில் தட்டுவார். உடுக்கை, ஜால்ரா, தாளக்கட்டை ஆகியவை உடன் ஒலிக்கும். பிற்காலத்தில் ஆர்மோனியமும் தபேலாவும் சேர்ந்தன.

குழு வலம், இடம் என இரு பக்கமாகப் பிரிந்திருக்கும். தலைமைப் பாடகர் ஓர் அடியைப் பாட, மறுபக்கத்தார் அதை வாங்கிப் பாடுவார்கள். வசனப் பகுதியில் பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போட்டும், கேள்வி கேட்டும், வியந்தும் கதையை முன்னகர்த்துவார். நிகழ்ச்சி காப்பு விருத்தத்தில் தொடங்கி, வருபொருள் உரைத்தல், குருவணக்கம், அவையடக்கம், நாட்டுவளம் என்று சென்று கதைக்குள் நுழையும். இறுதியில் வாழ்த்து பாடப்படும். விருத்தம், தாளப்பாட்டு, வசனம் ஆகிய மூன்றும் மாறி மாறி வருவதே இதன் அமைப்பு.

குழு அமைப்பே பயிற்சி முறையையும் தீர்மானித்தது. ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு திறன் உண்டு. எளிய இருக்கையில் தொடங்கிக் கடினமான இருக்கைக்கு நகர முடியும்.

பழைய கற்றல் முறை

நாதஸ்வரம் போன்ற கலைகள் குறிப்பிட்ட சமூகங்களின் குலத்தொழிலாக இருந்தன. வில்லுப்பாட்டு அப்படி ஒரே சாதிக்கு உரியதாக இருக்கவில்லை. பல சமூகங்களைச் சேர்ந்தவர்கள் வில்லுக்காரர்களாக இருந்துள்ளனர். கலைஞரின் மகனோ மருமகனோ குழுவில் சேர்வது இயல்பு. கொடையில் விடிய விடிய உட்கார்ந்து பாட்டுக் கேட்ட ஊர்ச் சிறுவனும் ஆர்வத்தால் புலவரைத் தேடிச் சென்று சேரலாம்.

புதிதாகச் சேர்ந்த சிறுவனுக்கு முதலில் கிடைப்பது ஜால்ரா அல்லது தாளக்கட்டை. தனியாகப் பாடம் என்று ஒன்று இல்லை. இரவு முழுவதும் தாளத்தைத் தவறவிடாமல் பிடிப்பதே முதல் பாடம். தாளம் உறுதியான பின் பின்பாட்டு. அடி எங்கே முடியும், புலவர் எப்போது மூச்சு வாங்குவார், எந்தச் சொல்லில் தாளம் மாறும் என்பதை அருகில் இருந்தே கற்றுக்கொள்வான். அடுத்து குடமோ உடுக்கையோ கைக்கு வரும். வில்லின் முன் அமர்வது கடைசி நிலை. அதற்குச் சில ஆண்டுகள் ஆகும்.

குரல் மாறும் வயதை இந்த முறை இயல்பாகக் கடந்தது. ஆண் பிள்ளைகளுக்கு 13 முதல் 15 வயதுக்குள் குரல் உடைவதை நாடக உலகினர் மகரக்கட்டு என்பார்கள். அந்தக் காலத்தில் உச்சத்தில் பாடினால் குரல் சிதறும். வில்லுப்பாட்டுக் குழுவில் அந்தப் பையன் குடத்துக்கோ தாளத்துக்கோ நகர்ந்துவிடலாம். குழுவைவிட்டு வெளியேற வேண்டிய தேவை இல்லை.

கதைப்பாடல்கள் ஏட்டுச் சுவடிகளில் இருந்தன. பின்னர் கையெழுத்து நோட்டுகளில் எழுதப்பட்டன. ஏட்டைப் படியெடுப்பதும் பயிற்சியின் பகுதியாக இருந்தது. ஒரு கதையை எழுதி எடுத்தவனுக்கே அதைப் பாடும் தகுதி வந்தது. கோவிலைச் சேர்ந்த பெரியவர்கள் கதையை அறிந்தவர்கள். ஒரு நிகழ்ச்சியை விட்டுவிட்டாலோ பெயரை மாற்றிச் சொன்னாலோ அங்கேயே கேட்பார்கள். அவையே தேர்வாளராக இருந்தது.

குழுவாகக் கற்பித்த பிற மரபுகள்

பதின்வயதினரை ஒன்றாக அமர்த்திக் கற்பிக்கும் வழக்கம் இப்பகுதிக்குப் புதியதல்ல. கன்னியாகுமரி மாவட்டத்தின் களியலாட்டத்தில் ஆசான் நடுவில் நின்று பாட, இளைஞர்கள் கைகளில் கம்புகளுடன் சுற்றி ஆடுவார்கள். இது ஊர் விழாவை முன்னிட்டு ஒரே நேரத்தில் பலருக்குக் கற்பிக்கப்படும் கலை. பாட்டு, அடி, கம்பு வீச்சு மூன்றும் ஒன்றாகவே சொல்லித்தரப்படும்.

இன்னொரு முன்னோடி பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட சிறுவர் நாடகக் குழுக்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை இவற்றில் புகழ்பெற்றது. அதில் வளர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-இல் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கினர். சிறுவர்கள் ஒரே இடத்தில் தங்கி, ஆர்மோனியத்தைச் சுற்றி அமர்ந்து பாடல்களைக் கூட்டாகப் பாடிப் பழகினார்கள். நாஞ்சில் நாட்டின் வில்லுப்பாட்டு மரபும் பாய்ஸ் கம்பெனிப் பயிற்சியும் ஒரு மனிதரில் சந்தித்தன. அவர் என்.எஸ். கிருஷ்ணன்.

கலைவாணரும் மேடை வில்லுப்பாட்டும்

நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29 அன்று பிறந்த என்.எஸ். கிருஷ்ணன், வறுமையால் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றவர். இளமையில் வில்லுப்பாட்டில் ஈடுபட்டு, பின்னர் டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் நடிகரானார். திரைப்படத்தில் நகைச்சுவை நடிகராகப் புகழின் உச்சியில் இருந்தபோது அவர் வில்லுப்பாட்டைச் சென்னை மேடைக்குக் கொண்டுசென்றார்.

திருநெல்வேலியை அடுத்த சத்திரப்புதுக்குளத்தில் 1928-இல் பிறந்த சுப்பு ஆறுமுகத்தை அவர் 1948-இல் சென்னைக்கு அழைத்துக்கொண்டார். அப்போது சுப்பு ஆறுமுகத்துக்கு வயது 20. காந்தியின் வாழ்க்கையை வில்லுப்பாட்டாக எழுதும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. காந்தி மகான் கதை அவ்வாறு உருவானது. கலைவாணர் 1957 ஆகஸ்ட் 30 அன்று மறைந்தார். சுப்பு ஆறுமுகம் தொடர்ந்து அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வில்லிசை நிகழ்த்தினார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022 அக்டோபர் 10 அன்று காலமானார். அவருடைய மகள் பாரதி திருமகன் இக்கலையைத் தொடர்ந்து வருகிறார்.

இந்த மாற்றம் பயிற்சியின் வரலாற்றில் திருப்புமுனை. கோவில் தெய்வத்தின் கதைக்குப் பதிலாக எந்தக் கதையையும் வில்லில் பாடலாம் என்றாயிற்று. இரவு முழுவதும் நீண்ட நிகழ்ச்சி இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அடங்கியது. பின்பாட்டுக்காரரின் ‘ஆமா’ நகைச்சுவை உரையாடலாக வளர்ந்தது. சாமியாட்டம் இல்லை, படைப்பு இல்லை. எனவே ஏடு இல்லாமலும் கொடை இல்லாமலும் இதைக் கற்கவும் கற்பிக்கவும் முடிந்தது. குடும்பநலம், சிறுசேமிப்பு, தூய்மை போன்ற அரசுப் பிரச்சாரங்களுக்கும் வானொலிக்கும் இந்த வடிவம் பொருந்தியது. பின்னாளில் பள்ளி மேடைகளில் ஒலித்த வில்லுப்பாட்டு பெரும்பாலும் இந்த வடிவத்தின் வழித்தோன்றலே. அதே காலத்தில் நாஞ்சில் நாட்டின் கோவில் முற்றங்களில் பழைய வடிவமும் நிற்காமல் தொடர்ந்தது. அப்போதிலிருந்து ஒரே பெயரில் இரு கலைகள் வளரத் தொடங்கின எனலாம்.

பெண்களின் வருகை

வில்லின் முன் அமர்வது நெடுங்காலம் ஆண்களின் உரிமையாக இருந்தது. கொடை இரவில் நடப்பது, ஊர் ஊராகப் பயணம் செய்ய வேண்டியிருப்பது, கோவில் சடங்குடன் இணைந்திருப்பது ஆகியவை பெண்களை விலக்கி வைத்தன. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நிலை மாறியது. கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த பூங்கனி அந்த மாற்றத்தின் முதன்மையான பெயர். சிறு வயதிலேயே வில்லுப்பாட்டுக்கு வந்து, தலைமைப் பாடகராகப் பல ஊர்களில் புகழ்பெற்றார். முதுமையை வறுமையில் கழித்த அவர் 2018 நவம்பரில், எண்பது வயதைக் கடந்த நிலையில் காலமானார்.

இன்று குமரி, நெல்லைப் பகுதிகளில் பெண்கள் தலைமை ஏற்கும் குழுக்கள் ஏராளம். வீசுகோலைச் சுழற்றி, மேலே எறிந்து பிடித்து, தாளம் தவறாமல் நாணில் அடிக்கும் பெண் கலைஞர்களுக்குத் தனி ரசிகர் கூட்டம் உண்டு. பள்ளிகளில் நடக்கும் பயிற்சிகளுக்கு மாணவிகள் தயக்கமின்றி வருவதற்கு இந்தத் தலைமுறைப் பெண்கள் திறந்த வழியே காரணம். மகளைக் கொடைக்குப் பாட அனுப்பத் தயங்கும் குடும்பமும் பள்ளி வளாகத்தில் கற்க அனுப்புகிறது.

பயிற்சிப் பட்டறைகளின் தோற்றம்

தமிழகத்தின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய பாடங்களை மூன்றாண்டுப் படிப்பாகக் கற்பிக்கின்றன. இந்த ஏழில் வில்லுப்பாட்டு இல்லை. 5 முதல் 16 வயதுள்ளவர்களுக்கான ஜவகர் சிறுவர் மன்றங்களிலும் குரலிசை, நடனம், ஓவியம் போன்றவையே முதன்மை பெற்றன. முறையான பாடத்திட்டத்தில் இடம் கிடைக்காத கலைக்குப் பட்டறையே வகுப்பறை ஆயிற்று.

இதற்கு மூன்று வழிகள் இருந்தன. முதலாவது கல்வித்துறை சார்ந்த ஆய்வு. நா. வானமாமலை நாட்டார் கதைப்பாடல்களைத் தொகுத்துப் பதிப்பித்தது, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை உருவானது, நாஞ்சில் நாட்டில் அ.கா. பெருமாள் கதைகளையும் கலைஞர்களையும் தொடர்ந்து ஆவணப்படுத்தியது ஆகியவை வில்லுக்காரரைக் கல்லூரிக்குள் அழைத்து வந்தன. முதலில் அவர் தகவலாளியாக வந்தார். பிறகு ஆசிரியராகவும் அழைக்கப்பட்டார்.

இரண்டாவது மக்கள் இயக்கங்கள். 1990-களின் முதற்பாதியில் நடந்த அறிவொளி இயக்கம் பாட்டையும் வீதி நாடகத்தையும் முதன்மைக் கருவிகளாகக் கொண்டது. இளைஞர்களைச் சில நாட்கள் ஒன்றாகத் தங்கவைத்துப் பாடல்களைக் கற்பித்து, கலைக்குழுக்களாக ஊர்களுக்கு அனுப்பும் முறையை அது பரவலாக்கியது. குறுகிய காலத்தில் ஒரு குழுவை உருவாக்க முடியும் என்ற நம்பிக்கையை அந்தப் பயிற்சி முகாம்கள் அளித்தன.

மூன்றாவது பள்ளி, கல்லூரி விழாக்கள். ஆண்டு விழா, நாட்டு நலப்பணித் திட்ட முகாம், விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் ஆகியவற்றில் வில்லுப்பாட்டு விருப்பமான கலை. ஒரே நேரத்தில் பலர் பங்கேற்கலாம், மேடை அமைப்பு எளிது, சொல்ல வேண்டிய செய்தியை நேரடியாகச் சொல்லலாம். ஆசிரியர் எழுதிய பாட்டுக்கு மெட்டும் தாளமும் அமைத்துத் தரத் தொழில்முறைக் கலைஞர் ஒருவரை அழைப்பது வழக்கமாயிற்று.

பட்டறையில் கற்பிக்கும் முறை

குழுவுக்குள் ஆண்டுக்கணக்கில் நிகழ்ந்ததைப் பட்டறை சில நாட்களில் செய்ய வேண்டியுள்ளது. மேலும் குழுவில் புதியவர் ஒருவரே இருப்பார், மற்ற எல்லோரும் தேர்ந்தவர்கள். பட்டறையில் தேர்ந்தவர் ஒருவர், மற்ற எல்லோரும் புதியவர்கள். இந்தத் தலைகீழ் நிலையே கற்பித்தலின் முதல் சிக்கல்.

வில் ஒன்று, மாணவர்களோ பலர். ஆகவே பயிற்சி கைத்தாளத்தில் தொடங்குகிறது. மூன்று எண்ணிக்கை நடை, நான்கு எண்ணிக்கை நடை ஆகியவற்றைத் தட்டிப் பழகியதும் அதன் மேல் எளிய மெட்டு ஒன்று ஏற்றப்படும். கலைஞர் ஓர் அடியைப் பாட, மாணவர்கள் திருப்பிப் பாடுவார்கள். வாங்கிப் பாடும் இம்முறை வில்லுப்பாட்டின் இயல்பிலேயே இருப்பதால் அவர்களுக்கு அது பாடமாகத் தோன்றுவதில்லை. பாடிக்கொண்டிருக்கும்போதே நிகழ்த்தவும் தொடங்கிவிடுகிறார்கள்.

மாணவிகளின் சுருதியும் குரல் உடைந்த மாணவர்களின் சுருதியும் ஒன்றாகச் சேராது. எல்லோரையும் ஒரே குரலில் பாடவைத்தால் ஒரு சாரார் கத்த வேண்டியிருக்கும் அல்லது முணுமுணுக்க வேண்டியிருக்கும். வலம், இடம் என்ற பழைய பிரிவு இங்கே உதவுகிறது. ஒரு பக்கம் மாணவிகள், மறுபக்கம் மாணவர்கள் என அமர்த்தி, அடிகளை மாற்றி மாற்றிக் கொடுத்தால் இரு சாராரும் தத்தம் எல்லைக்குள் பாட முடிகிறது. மகரக்கட்டில் இருக்கும் பையன்களுக்கு ‘ஆமா’ போடும் பொறுப்பும் தாளக்கருவிகளும் பொருந்துகின்றன. பாட வராது என்று ஒதுங்கும் மாணவர் வசனத்தில் சிறந்து விளங்குவதும் உண்டு. எந்தத் திறனுக்கும் ஓர் இருக்கை இருப்பதே பதின்வயதினரிடையே இக்கலை எளிதில் பரவக் காரணம்.

அடுத்து கருவிகள் சுற்றுமுறையில் கைமாறும். குடம் பெரும்பாலானோரை ஈர்க்கும். வீசுகோல் பிடிப்பது பார்ப்பதற்கு எளிது. ஆனால் பாடிக்கொண்டே அடிப்பது கடினம். கை ஒரு கணக்கிலும் வாய் ஒரு கணக்கிலும் செல்ல வேண்டும். பட்டறையில் ஓரிருவருக்கே அது கைகூடும். இறுதி நாளில் அரைமணி நேர நிகழ்ச்சி அரங்கேறும்.

பட்டறைக்கு அடங்காதவை

பட்டறையில் முதலில் விடுபடுவது விருத்தம். தாளப்பாட்டைக் கூட்டாகப் பாடலாம். விருத்தம் தாளக்கட்டு இல்லாமல், ராகத்தை விரித்து, சொல்லின் உணர்ச்சியைத் தனிக்குரலில் ஏற்ற வேண்டியது. அதற்குத் தனிப்பயிற்சியும் கேள்வி அனுபவமும் வேண்டும். பள்ளி வில்லுப்பாட்டில் விருத்தம் பெரும்பாலும் தொடக்கத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது.

இரண்டாவது, நீண்ட கதை. கொடையில் பாடப்படும் ஒரு கதை பல மணி நேரம் நீளும். அதன் மொழி பழைய ஏட்டு வழக்கும் நாஞ்சில் நாட்டு வட்டாரச் சொற்களும் மலையாளச் சாயலும் கலந்தது. நில அளவு, உறவுமுறை, நகை, வேளாண்மை சார்ந்த பல சொற்கள் இன்றைய மாணவருக்குப் பொருள் விளங்காதவை. பட்டறைக்காகப் புதிதாக எழுதப்படும் பாட்டில் அவை வருவதில்லை. கதைகள் பயிற்சியிலிருந்து விலகும்போது அவற்றுடன் ஒரு சொற்களஞ்சியமும் ஊர் வரலாறும் விலகுகின்றன. தொழில்முறைக் கலைஞர் ஒருவர் மறையும்போது அவர் நெஞ்சில் இருந்த கதைகள் நோட்டில் மட்டுமே மிஞ்சும். மெட்டு நோட்டில் இராது.

மூன்றாவது, கதையின் பொருள். இறப்புக் கதைகள் பலவற்றில் சாதி மீறிய காதல், ஆணவக்கொலை, பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதி, அதிகாரத்தின் வன்முறை ஆகியவை மையமாக உள்ளன. முத்துப்பட்டன் கதை பிராமண இளைஞன் ஒருவன் சக்கிலியர் குலத்தில் வளர்ந்த இரு பெண்களை மணந்து, அக்குலத்தானாகவே வாழ்ந்து இறந்ததைச் சொல்வது. பள்ளி மேடைக்கு இத்தகைய கதைகள் சிக்கலானவை என்று தவிர்க்கப்படுகின்றன. மரம் வளர்ப்பும் நெகிழி ஒழிப்பும் பாதுகாப்பான பொருள்கள். அநீதியாகச் செத்தவரை ஊரே கூடித் தெய்வமாக நினைவுகூரும் கலை, இவ்வாறு அறிவுரை சொல்லும் கலையாகக் குறுகிவிடும் ஆபத்து உள்ளது.

நான்காவது, சடங்கின் நேரக்கணக்கு. சாமியாடியின் அசைவைப் பார்த்துத் தாளத்தைக் கூட்டவும் குறைக்கவும், கதையை நீட்டவும் சுருக்கவும் தெரிவதே தேர்ந்த புலவரின் அடையாளம். மாதிரி நிகழ்ச்சியில் இதைக் கற்பிக்க முடியாது.

கற்பிக்கும் கலைஞரின் நிலை

வில்லுக்காரரின் வருமானம் கொடைக் காலத்தைச் சார்ந்தது. சித்திரை, வைகாசி மாதங்களில் பல ஊர்களில் கொடைகள் நெருக்கமாக நடக்கும். பள்ளிகளின் கோடை விடுமுறையும் அப்போதுதான். மாணவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் நாட்களில் ஆசிரியருக்கு ஓய்வு இல்லை. இதனால் பயிற்சிகள் பெரும்பாலும் கல்வியாண்டின் நடுவே, தேர்வுகளுக்கு இடைப்பட்ட சில நாட்களில் நடக்கின்றன. 10, 12-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வுகள் ஆர்வமுள்ள மாணவர்களைப் பயிற்சியிலிருந்து பிரிக்கின்றன. குழுவில் இடம்பெற ஏற்ற வயதும் அதுவே.

பெருமளவில் ஒலிபெருக்கியில் திரைப்பாடல்களையும் கலந்து பாடும் போக்கு கொடையிலும் வளர்ந்துள்ளது. மரபான கதையை முழுமையாகக் கேட்கும் அவை சுருங்கும்போது அதைக் கற்கவேண்டிய கட்டாயமும் குறைகிறது. இந்நிலையில் பட்டறை கலைஞருக்கு வருமானத்தைவிட மதிப்பைத் தருகிறது. ஊரில் வில்லுக்காரராக மட்டும் அறியப்பட்டவர் பள்ளியில் ஆசிரியர் என்று அழைக்கப்படுகிறார்.

நாஞ்சில் நாட்டுக்கு வெளியே

மேடை வில்லுப்பாட்டு தென்மாவட்டங்களைத் தாண்டிப் பரவியது. இலங்கையின் யாழ்ப்பாணத்தில் சின்னமணி என்று அறியப்பட்ட நா. கணபதிப்பிள்ளை வில்லிசைக் கலைஞராகப் பெரும்புகழ் பெற்றார். புலம்பெயர்ந்த தமிழர்கள் வாழும் நாடுகளில் தமிழ்ப் பள்ளி விழாக்களில் சிறுவர் வில்லுப்பாட்டு வழக்கமான நிகழ்ச்சி. அங்கே அது தமிழ் பேசிப் பழகும் பயிற்சியாகவும் பயன்படுகிறது. ‘ஆமா’ போடும் சிறுவன் அந்த இடத்தில் சரியான சொல்லைச் சரியான நேரத்தில் சொல்லியாக வேண்டும். கொடையை அறியாத நிலங்களிலும் இவ்வடிவம் வேர்பிடித்திருப்பது அதன் குழுத்தன்மைக்குச் சான்று.

மதிப்பீடு

வில்லுப்பாட்டில் பட்டறையும் பழைய முறையும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. பழைய முறையிலும் புதியவர் ஜால்ராவிலும் பின்பாட்டிலும்தான் தொடங்கினார். பட்டறை அந்த முதல் படியை ஒரே நேரத்தில் பலருக்குத் திறந்துவிடுகிறது. சாதி, பால், குடும்பப் பின்னணி ஆகிய தடைகள் அங்கே குறைவு. ஆனால் முதல் படியோடு பயிற்சி நின்றுவிட்டால் மாணவர்களுக்கு மிஞ்சுவது ஒரு மேடை அனுபவம் மட்டுமே.

பட்டறை முடிந்தபின் ஆர்வமுள்ள ஓரிருவர் அதே கலைஞரின் குழுவோடு கொடைக்குச் சென்று பின்பாட்டு இருக்கையில் அமரும்போது இரு முறைகளும் இணைகின்றன. விருத்தமும் நீண்ட கதையும் அங்கிருந்தே அவர்களுக்கு வரும். உள்ளூர்த் தெய்வத்தின் கதையில் ஒரு பகுதியையாவது பயிற்சியில் சேர்ப்பதும், கலைஞரின் மெட்டுகளை மாணவர்களைக் கொண்டே ஒலிப்பதிவு செய்வதும் எல்லாப் பள்ளிகளாலும் இயலக்கூடியவை. எத்தனை மாணவர்கள் விழா மேடையில் பாடினார்கள் என்பதைவிட, அவர்களில் எத்தனை பேருக்கு ஒரு குழுவில் நிலையான இருக்கை கிடைத்தது என்பதே நாஞ்சில் நாட்டில் இப்பயிற்சியின் பயனை அளக்கும் சரியான அளவுகோல்.